எந்த வயர் எந்தக் கருவி? கம்ப்யூட்டரில் செருகிய யுஎஸ்பி சாதனங்களை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் சித்தப்பாவிடமிருந்து போன். மளிகைக் கடையில் பில் வரவில்லை. பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, பேப்பர் ரோல் இருக்கிறது, கம்ப்யூட்டரும் நன்றாக ஓடுகிறது. ஆனால் பில் போட்டால் எதுவும் அச்சாகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கடையில் கூட்டம். சித்தப்பா துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சித்திதான் சொன்னார்: "நான் ஒண்ணுமே பண்ணலப்பா. பூஜைக்காக வயரெல்லாம் கழட்டித் துடைச்சு, பொட்டு வச்சு, திரும்ப மாட்டினேன். அவ்வளவுதான்."

திரும்ப மாட்டியதில்தான் விஷயம் இருந்தது. கம்ப்யூட்டரின் முதுகில் நான்கு யுஎஸ்பி போர்ட்கள். முன்பு மேல் வரிசையில் இருந்த பிரிண்டர் வயர் இப்போது கீழ் வரிசையில் இருந்தது. விண்டோஸில் பிரிண்டர் பட்டியலைத் திறந்தால் ஒரே பிரிண்டர் இரண்டு முறை தெரிந்தது. ஒன்று பழைய பெயரோடு மங்கலாக, மற்றொன்று அதே பெயரோடு "காப்பி 1" என்ற வாலோடு. பில்லிங் சாஃப்ட்வேர் பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. வயரைப் பழைய போர்ட்டுக்கு மாற்றியதும், அதுவரை தேங்கி நின்ற பில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரசரவென்று வந்து விழுந்தன.

நமக்கு அது ஒரே பிரிண்டர். கம்ப்யூட்டருக்கு அது வேறு. செருகிய கருவியைக் கம்ப்யூட்டர் எப்படி அடையாளம் வைத்துக்கொள்கிறது என்பது தெரிந்துவிட்டால் இந்த மாதிரிச் சிக்கல்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. மவுஸைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

செருகியதும் என்ன நடக்கிறது

பழைய கம்ப்யூட்டர்களில் போர்ட்டின் வடிவமே அடையாளம். கீபோர்டுக்கு ஊதா நிறத்தில் ஒரு வட்டத் துளை, மவுஸுக்குப் பச்சை நிறத்தில் ஒன்று, பிரிண்டருக்கு 25 துளைகள் கொண்ட அகலமான போர்ட். மாற்றிச் செருகக்கூட முடியாது, அல்லது செருகினால் வேலை செய்யாது. 1996 ஜனவரியில் யுஎஸ்பியின் முதல் பதிப்பு வெளியானது. எல்லாக் கருவிக்கும் ஒரே வடிவத் துளை என்று வந்தது. வசதிதான். ஆனால் துளையைப் பார்த்து இது இன்ன கருவி என்று சொல்ல இனி வழியில்லை. கருவியிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான் கேட்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை" என்று விசாரிப்பதைப் போல. செருகிய கருவி ஒரு சிறு மின்தடை மூலம் தன் டேட்டா வயர்களில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்தும். அதை வைத்து ஆள் வந்திருக்கிறார் என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். பிறகு "நீ யார்" என்று கேட்கும். கருவி 18 பைட் நீளமுள்ள ஒரு பதிலைக் கொடுக்கும். அந்தப் பதிலில் முக்கியமானவை மூன்று: தயாரிப்பாளர் எண், பொருள் எண், சீரியல் நம்பர் உண்டா இல்லையா என்ற தகவல். இந்த விசாரணை நடக்கும்போதே கருவிக்கு 1 முதல் 127 வரை ஏதாவது ஒரு தற்காலிக முகவரி கொடுக்கப்படும். அப்புறம் பொருத்தமான டிரைவரை, அதாவது அந்தக் கருவியை இயக்கும் மென்பொருளை, தேடிப் பிடித்து இணைக்கும். பென் டிரைவ் செருகியதும் "டிங்-டிங்" என்று கேட்கிறதே, அதற்கு முன்னாலேயே இவ்வளவும் முடிந்திருக்கும்.

ஆக, கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது கருவி தன்னைப் பற்றிச் சொன்னதும், எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதும் மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

முதலில் கண்ணும் காதும்

திரையைத் தொடுவதற்கு முன் மேசைக்குக் கீழே குனியுங்கள். என்னென்ன வயர் எங்கெங்கே போகிறது என்று கையால் பிடித்துத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வினாடி வேலை. சித்தி அன்று எடுத்திருந்தால் எனக்குப் போனே வந்திருக்காது.

போர்ட்டுக்குள் இருக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்கையும் கவனியுங்கள். அது நீல நிறமாக இருந்தால் பெரும்பாலும் யுஎஸ்பி 3 வகை, அதாவது வினாடிக்கு 5 ஜிகாபிட் வேகம் வரை போகக்கூடியது. கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருந்தால் பெரும்பாலும் யுஎஸ்பி 2, 480 மெகாபிட் வரை. எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த நிற வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை, ஆனாலும் முதல் ஊகத்துக்கு உதவும்.

விண்டோஸ்: டிவைஸ் மேனேஜர்

இனி திரைக்கு வருவோம். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் "டிவைஸ் மேனேஜர்" என்று இருக்கும். அதைத் திறந்தால் கம்ப்யூட்டரில் உள்ள எல்லாக் கருவிகளும் வகைவாரியாகத் தெரியும். கீபோர்டுகள், மவுஸ்கள், டிஸ்க்குகள், போர்ட்கள், கடைசி வாக்கில் "யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்".

புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். நான்கு கருவிதான் செருகியிருக்கிறோம், பட்டியலில் பத்துப் பன்னிரண்டு இருக்கிறதே என்று தோன்றும். பயப்பட ஒன்றும் இல்லை. "ரூட் ஹப்" என்பவை கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருக்கும் போர்ட் கூட்டங்கள். லேப்டாப் என்றால் கேமரா, புளூடூத், சிலவற்றில் மெமரி கார்டு ரீடர், கைரேகை ரீடர் எல்லாம் பெரும்பாலும் உள்ளுக்குள் யுஎஸ்பி வழியாகத்தான் இணைக்கப்பட்டிருக்கும். வெளியே வயர் தெரியாவிட்டாலும் பட்டியலில் அவையும் வரும்.

இப்போது எளிமையான, நான் தினமும் செய்யும் சோதனை. டிவைஸ் மேனேஜர் திறந்தபடி இருக்கட்டும். சந்தேகப்படும் கருவியின் வயரை மெதுவாக உருவுங்கள். பட்டியல் ஒருமுறை கண்சிமிட்டும். எது மறைகிறதோ அதுதான் அந்தக் கருவி. மறுபடி அதே போர்ட்டில் செருகுங்கள், திரும்ப வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: பென் டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போன்றவற்றை இப்படி உருவாதீர்கள். டாஸ்க்பாரில் இருக்கும் "சேஃப்லி ரிமூவ்" கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதில் ஏதாவது எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் ஃபைல் கெட்டுப்போகும்.

வகைவாரிப் பட்டியலைவிட எனக்குப் பிடித்தது வேறொரு தோற்றம். மேலே "வியூ" மெனுவில் "டிவைசஸ் பை கனெக்‌ஷன்" என்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் எந்த ஹப்புக்குக் கீழே எந்தக் கருவி, அந்தக் கருவிக்குக் கீழே அதன் எந்தெந்தப் பகுதி என்று குடும்ப மரம் போல விரியும். யுஎஸ்பி வரிசை வரும்வரை கிளைகளைப் பொறுமையாகத் திறந்துகொண்டே போக வேண்டும். முதல் முறை குழப்பும், இரண்டாம் முறை கைவந்துவிடும்.

பெயரை நம்பி ஏமாற வேண்டாம்

சித்தப்பா கடையில் பார்கோடு ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் "ஸ்கேனர்" என்று தேடினால் கிடைக்காது. கீபோர்டுகள் பகுதியில் "எச்ஐடி கீபோர்டு டிவைஸ்" என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். ஏனென்றால் அந்த வகை ஸ்கேனர் கம்ப்யூட்டரிடம் தன்னை ஒரு கீபோர்டு என்றே சொல்லிக்கொள்கிறது. கோடுகளைப் படித்து, அந்த எண்களை யாரோ வேகமாகத் தட்டுவதைப் போல அனுப்புகிறது. நோட்பேடைத் திறந்து வைத்து ஒரு சோப்புக் கட்டியின் பார்கோடை ஸ்கேன் செய்து பாருங்கள். எண்கள் தானாக விழுந்து, கடைசியில் என்டர் தட்டினாற்போல் கர்சர் அடுத்த வரிக்கு இறங்கும். இதனால்தான் இந்த ஸ்கேனர்களுக்குத் தனி டிரைவர் எதுவும் தேவைப்படுவதில்லை.

வயர்லெஸ் மவுஸுக்காகப் போர்ட்டில் செருகும் குட்டி டாங்கிளும் இதே போல. மவுஸ் மட்டும்தான் வாங்கியிருப்போம், ஆனால் பட்டியலில் மவுஸ் ஒன்று, கீபோர்டு ஒன்று என்று இரண்டு வரலாம். அதே டாங்கிளைக் கீபோர்டுக்கும் சேர்த்துத் தயாரித்திருப்பார்கள். இப்படி ஒரே வயரில் பல வேலை செய்யும் கருவிகளுக்கு "காம்போசிட் டிவைஸ்" என்று பெயர். மைக் உள்ள வெப்கேமராவும் அப்படித்தான், கேமரா ஒரு பக்கமும் மைக் இன்னொரு பக்கமும் தெரியும்.

பில் பிரிண்டர் பல சமயம் "யுஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்" என்று பொதுப்பெயரில் வரும். எடை மெஷினிலிருந்து வரும் சீரியல் கேபிள் "போர்ட்ஸ்" பகுதியில் "காம் 3", "காம் 5" என்று ஓர் எண்ணோடு இருக்கும். இவையெல்லாம் விண்டோஸ் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர்கள். கருவி தானே சொன்ன பெயரைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. கருவியின் மேல் வலது கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்" திறந்து, "டீடெயில்ஸ்" பகுதிக்குப் போங்கள். அங்கே உள்ள கீழிறங்கும் பட்டியலில் "பஸ் ரிப்போர்ட்டட் டிவைஸ் டிஸ்கிரிப்ஷன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பொதுப்பெயரில் மறைந்திருந்த கருவி இங்கே தன் சொந்தப் பெயரைச் சொல்லும். கீபோர்டு, மவுஸ் பகுதியில் இருப்பவற்றுக்கு இது நேரடியாகக் கிடைக்காமல் போகலாம். அப்போது மரத் தோற்றத்தில் அதற்கு ஒரு படி மேலே, இரண்டு படி மேலே உள்ள தாய்க் கருவியில் பாருங்கள்.

எண்தான் உறுதி

பெயர் காலியாக இருக்கலாம், எழுத்து மாறலாம். எண் கட்டாயம் இருக்கும். அதே "டீடெயில்ஸ்" பட்டியலில் "ஹார்டுவேர் ஐடீஸ்" என்று ஒன்று உண்டு. அதில் "விஐடி" என்பதற்குப் பிறகு நான்கு இலக்கம், "பிஐடி" என்பதற்குப் பிறகு நான்கு இலக்கம் இருக்கும். முதலாவது தயாரிப்பாளர் எண், இரண்டாவது பொருள் எண். இவை பதினாறடிமான எண்கள் என்பதால் 0 முதல் 9 வரையோடு ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்து வரும். பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அந்த ஆறு எழுத்துகளில் ஓ கிடையாது.

தயாரிப்பாளர் எண்களை யுஎஸ்பி தரத்தைப் பராமரிக்கும் அமைப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கிறது. அடிக்கடி கண்ணில் படும் சில: 8087 என்றால் இன்டெல், 0781 சான்டிஸ்க், 0951 கிங்ஸ்டன், 2341 ஆர்டுயினோ, 0403 எஃப்டிடிஐ. எடுத்துக்காட்டாக 0781 5567 என்று கண்டால் சான்டிஸ்கின் குரூசர் பிளேடு பென் டிரைவ். 0403 6001 என்றால் சீரியல் போர்ட்டை யுஎஸ்பியாக மாற்றும் எஃப்டிடிஐ சிப்.

இந்தக் கடைசி எடுத்துக்காட்டில் கொஞ்சம் நிற்க வேண்டும். எடை மெஷின் கேபிளின் மேல் ஒரு கம்பெனியின் பெயர் அச்சிட்டிருக்கும். எண்ணைத் தேடினால் வேறு ஒரு கம்பெனி வரும். ஏதோ போலி என்று நினைத்துவிட வேண்டாம். கேபிளைச் செய்தவர் வேறு, அதற்குள் இருக்கும் சிப்பைச் செய்தவர் வேறு. பெரும்பாலும் எண் சிப்பைத்தான் அடையாளம் காட்டும். டிரைவர் தேடும்போது நமக்கு வேண்டியதும் சிப்பின் பெயர்தான்.

எண் கிடைத்ததும் என்ன செய்வது? இரண்டு எண்களையும் சேர்த்து இணையத்தில் தேடுங்கள், முன்னால் விஐடி, பிஐடி என்று ஆங்கிலத்தில் போட்டு. என்ன கருவி என்று பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பக்கங்களிலேயே "டிரைவரை இங்கே தரவிறக்குங்கள்" என்று பளபளக்கும் பட்டன்கள் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள், நான் இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். டிரைவர் என்ற பெயரில் தேவையில்லாத புரோகிராம்களைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கிவிடும் தளங்கள் அதில் நிறைய. டிரைவர் வேண்டுமானால் முதலில் விண்டோஸ் அப்டேட்டில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", அதற்குள் "ஆப்ஷனல் அப்டேட்ஸ்" பகுதியைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் கருவியையோ சிப்பையோ செய்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். மூன்றாவது இடம் வேண்டாம்.

போர்ட் மாறினால் ஏன் ஆள் மாறுகிறது

இப்போது சித்தியின் பிரிண்டருக்குத் திரும்புவோம். ஒரே மாடல் பிரிண்டர் இரண்டை ஒரே கம்ப்யூட்டரில் செருகினால் இரண்டின் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். இரட்டைக் குழந்தைகள் மாதிரி. அவற்றைப் பிரித்துச் சொல்ல சீரியல் நம்பர் வேண்டும். ஆனால் பல விலை குறைந்த கருவிகளில் சீரியல் நம்பர் எழுதப்படுவதே இல்லை. அப்போது விண்டோஸ் எதை வைத்து அடையாளம் காணும்? எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை வைத்து. போர்ட் மாறினால் அதற்கு அது புது ஆள். அதனால்தான் "காப்பி 1".

உங்கள் கருவியில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். "டீடெயில்ஸ்" பட்டியலில் "டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாய்கோடுகளால் பிரித்த மூன்று பகுதிகள் இருக்கும். கடைசிப் பகுதியில் இரண்டாவது எழுத்து & என்ற குறியாக இருந்தால், கருவியிடம் சீரியல் நம்பர் இல்லை, விண்டோஸ் போர்ட்டை வைத்துத் தானே ஓர் எண்ணை உருவாக்கிக்கொண்டது என்று பொருள். அந்தக் குறி இல்லாமல் எழுத்தும் எண்ணுமாக ஓடினால் அது கருவியின் சொந்தச் சீரியல் நம்பர். அந்தக் கருவியை எந்தப் போர்ட்டில் மாற்றினாலும் விண்டோஸ் ஞாபகம் வைத்திருக்கும். காம்போசிட் கருவி என்றால் இதை அதன் உட்பகுதிகளில் பார்க்காமல் தாய்க் கருவியில் பாருங்கள்.

எடை மெஷின் கேபிளிலும் இதே கதை நடக்கும். சீரியல் நம்பர் இல்லாத சிப் என்றால், போர்ட் மாறியதும் "காம் 3" என்று இருந்தது "காம் 5" ஆகிவிடும். பில்லிங் சாஃப்ட்வேர் இன்னும் 3ஐத் தேடிக்கொண்டிருக்கும், எடை பூஜ்யத்திலேயே நிற்கும். பழைய போர்ட் ஞாபகம் இருந்தால் அங்கேயே மாற்றுங்கள். ஞாபகம் இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸ், "போர்ட் செட்டிங்ஸ்", "அட்வான்ஸ்டு" என்று போய்க் காம் எண்ணை மாற்றலாம். பிரிண்டருக்கு, பழைய பிரிண்டரின் "பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்" திறந்து "போர்ட்ஸ்" பகுதியில் புது யுஎஸ்பி போர்ட்டை டிக் செய்தால் பழைய பெயரிலேயே அச்சாகும். புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. "பிரிண்டர் வேலை செய்யலை" என்றதும் டிரைவரை அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு டிக் மார்க்கில் முடிய வேண்டிய வேலைக்கு அரை நாள் வியாபாரம் போகிறது.

எதுவுமே வரவில்லை என்றால்

செருகினீர்கள். சத்தம் இல்லை, பட்டியல் அசையவில்லை. முதல் சந்தேகம் கேபிள் மேல் வர வேண்டும். சாதாரண யுஎஸ்பி 2 கேபிளுக்குள் நான்கு வயர்கள் உண்டு: மின்சாரத்துக்குச் சிவப்பும் கறுப்பும், டேட்டாவுக்குப் பச்சையும் வெள்ளையும். ஒருமுறை எனக்கு ஒரு மொபைல் கேபிள் மேல் சந்தேகம் வந்தது. சார்ஜ் ஏறும், ஆனால் கம்ப்யூட்டரில் போன் தெரியவே தெரியாது. எப்படியும் தூக்கிப்போட வேண்டியதுதான் என்று பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டும், தலைமுடி மாதிரி மெல்லிசாக. பச்சையும் வெள்ளையும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நூல் திரி. பேசுவதற்கு வயரே இல்லாதபோது கருவி எப்படிப் பதில் சொல்லும்? சார்ஜுக்கு மட்டும் என்று விற்கும் கேபிள்கள் இப்படித்தான் இருக்கும். அதனால் டேட்டாவுக்கு வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிளைத் தனியாக எடுத்து வையுங்கள். சோதனைக்கு அதுதான் அளவுகோல்.

கேபிள் சரி, ஆனால் ஆண்ட்ராய்டு போனின் படங்கள் மட்டும் தெரியவில்லை என்றால், போனில் நோட்டிஃபிகேஷனை இழுத்து யுஎஸ்பி அமைப்பை "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்று மாற்றுங்கள்.

அடுத்து போர்ட். ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் வழியாகச் செருகியிருந்தால் அதை விட்டுவிட்டு நேரடியாகக் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கத்துக்கு மாறுங்கள். பின்பக்கப் போர்ட்கள் கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே இருப்பவை. யுஎஸ்பி 2 போர்ட் ஒன்று தரக் கடமைப்பட்டது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 என்றால் 900. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் "டிக், டிக்" என்று சுழல ஆரம்பித்து நின்று போனால் பெரும்பாலும் மின்சாரம் பற்றவில்லை என்பதுதான் காரணம்.

சத்தம் வருகிறது, ஆனால் பட்டியலில் மஞ்சள் முக்கோணத்தோடு "அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்" என்று வருகிறதா? அதன் ப்ராப்பர்ட்டீஸில் என்ன பிழை என்பதைக் குறிக்கும் ஒரு கோடு (code) எண் இருக்கும். கோடு 28 என்றால் டிரைவர் இல்லை, மேலே சொன்ன முறையில் எண்ணைப் பார்த்துத் தேடிக்கொள்ளலாம். கோடு 43, கூடவே "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்" என்று இருந்தால், "நீ யார்" என்ற கேள்விக்கே பதில் வரவில்லை. அப்போது விஐடியில் 0000 என்றுதான் இருக்கும். அந்தப் பூஜ்யங்களை இணையத்தில் தேடிப் பயனில்லை, டிரைவர் மாற்றியும் பயனில்லை. கேபிள், போர்ட், அதற்கப்புறம் கருவி என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். வேறொரு கம்ப்யூட்டரிலும் அதே 43 வந்தால் பழுது கருவியில்தான்.

லினக்ஸ், மேக்

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். டெர்மினலைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில் இடைவெளியின்றி அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு வரிக்கு ஒரு கருவி, எண்களோடும் பெயரோடும் வந்துவிடும். அதே கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கிடைக்கோடும் சிறிய டி (t) எழுத்தும் சேர்த்தால் மரத் தோற்றமும் ஒவ்வொரு கருவியின் வேகமும் தெரியும். நீல போர்ட்டில் செருகிய யுஎஸ்பி 3 பென் டிரைவ் 5000 என்று காட்டாமல் 480 என்று காட்டினால் அதை எடுத்து மறுபடி சரியாக அழுத்திச் செருகுங்கள். மெதுவாக, பாதி நுழைந்த நிலையில் நிறுத்திச் செருகினால் சில சமயம் பழைய யுஎஸ்பி 2 வேகத்திலேயே இணைந்துவிடும்.

மேக்கில் கீபோர்டில் ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்தபடி இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் மெனுவைத் திறந்தால் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று வரும். அதில் இடப்பக்கம் யுஎஸ்பி. எல்லாத் தகவலும் அங்கேயே இருக்கிறது.

யார் வீட்டு பென் டிரைவ்?

கடைக்கும் ஆபீஸுக்கும் பிரவுசிங் சென்டருக்கும் யார் யாரோ பென் டிரைவ் கொண்டுவருவார்கள். வைரஸ் உள்ள ஃபைல் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது. கருவி தன்னைப் பற்றிச் சொல்வதைக் கம்ப்யூட்டர் அப்படியே நம்புகிறது என்றேன் அல்லவா? பென் டிரைவ் உருவத்தில் இருக்கும் ஒன்று "நான் ஒரு கீபோர்டு" என்று சொன்னால் கம்ப்யூட்டர் அதையும் நம்பும். பிறகு அது தானாகக் கட்டளைகளைத் தட்டத் தொடங்கலாம். சாதாரண பென் டிரைவின் உள் மென்பொருளையே மாற்றி இப்படிச் செய்ய முடியும் என்று கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற ஆய்வாளர்கள் 2014இல் பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் செய்து காட்டினார்கள். பேட்யுஎஸ்பி என்று அதற்குப் பெயர்.

பென் டிரைவ் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் பகுதியோடு கீபோர்டுகள் பகுதியிலும் ஒன்று கூடினால் உடனே உருவிவிடுங்கள். பென் டிரைவுக்குக் கீபோர்டாக இருக்க வேண்டிய வேலையே இல்லை. இங்கே "சேஃப்லி ரிமூவ்" எல்லாம் பார்க்க வேண்டாம். ஆனால் அது கட்டளைகளைத் தட்டி முடிக்கச் சில வினாடிகள் போதும் என்பதால், வழியில் கிடந்த, யாருடையது என்று தெரியாத பென் டிரைவைச் செருகிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

கொள்ளளவும் இப்படித்தான். ஒரு பென் டிரைவ் 512 ஜிபி என்று சொல்வதும் அது தானே சொல்லிக்கொள்வதுதான். சந்தையில் கிடைக்கும் போலிகள் பல, உள்ளே 8 ஜிபி வைத்துக்கொண்டு 512 என்று அறிவிக்கும். எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், ஆனால் கல்யாண வீடியோவை ஏற்றுவதற்கு முன் ஓர் இரவு ஓடவிடுவது நல்லது.

கடைசியாக ஒரு வேலை

இவ்வளவும் பார்த்து முடித்த பிறகு ஒரு ரோல் வெள்ளை டேப்பும் மார்க்கர் பேனாவும் எடுங்கள். ஒவ்வொரு வயரின் முனையிலும் டேப்பைக் கொடி போல மடித்து ஒட்டி, கருவியின் பெயரையும் போர்ட்டின் எண்ணையும் எழுதுங்கள். கம்ப்யூட்டரின் முதுகில் போர்ட்டுக்குப் பக்கத்திலும் அதே எண். ஒரு தாளில் கருவியின் பெயர், விஐடி, பிஐடி, எந்தப் போர்ட், பிரிண்டர் என்றால் எந்தப் பெயர், எடை மெஷின் என்றால் எந்தக் காம் எண், எல்லாவற்றையும் எழுதி மேசை டிராயரின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

சித்தப்பா கடையில் அன்று மதியமே அதைச் செய்தோம். சித்தி தன் கையெழுத்திலேயே எழுதினார்: "1 பில், 2 தராசு, 3 ஸ்கேனர், 4 மவுஸ்." அடுத்த ஆயுத பூஜைக்கும் வயர்களை எல்லாம் கழற்றித் துடைத்தார், சந்தனம் வைத்தார், எண் பார்த்து மாட்டினார். மறுநாள் காலை எனக்குப் போன் வரவில்லை.